கரையான் தின்னாத சிலுவை

என் அப்பா வாழ்நாள் முழுக்க மரத்தோடு மாரடித்தவர். திண்டுக்கல்லில் ஒரு மரவாடியில் மேஸ்திரியாக இருந்தார். கட்டையை மோந்து பார்த்தே அது எந்த மலையில் வளர்ந்தது என்று சொல்லுவார். சொன்னது சரியா தப்பா என்று சோதிக்க யாருக்கும் வழி இல்லாததால் அவருக்கு ஊரில் நல்ல பெயர். அப்பேர்ப்பட்டவர் செத்ததும் அவர் தலைமாட்டில் நாங்கள் நட்ட மரச்சிலுவையை ஒரு வருஷத்துக்குள் கரையான் தின்றுவிட்டது.

ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே செம்மண் காட்டில் இருக்கிறது. இடம் கொஞ்சம், செத்தவர்கள் அதிகம். அதனால் சிமென்ட்டில் கல்லறை கட்டக் கூடாது, மரச்சிலுவை மட்டும்தான் நடலாம் என்று ரொம்ப காலமாக ஒரு வழக்கம். சிலுவை நிற்கிற வரைக்கும் அந்த இடம் அந்த ஆளுக்கு. விழுந்துவிட்டால், நவம்பரில் செத்தவர்களுக்குப் பூ வைக்கிற அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் குடும்பத்தார் வந்து புதுசு நட வேண்டும். நட ஆள் இல்லையென்றால் அந்த இடம் அடுத்து சாகிறவருக்குப் போகும். இதில் சிபாரிசு கிடையாது, சண்டை கிடையாது. யாரை எப்போது காலி செய்வது என்பதைப் பங்குச் சாமியாரும் முடிவு செய்வதில்லை, பங்குப் பேரவை என்று ஞாயிற்றுக்கிழமை கூடுகிற குழுவும் முடிவு செய்வதில்லை. கரையான் முடிவு செய்தது. எங்கள் பங்கில் நான் பார்த்த நிர்வாகங்களிலேயே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு கவலை. புருஷன் படுத்த குழியிலேயே பெண்டாட்டியையும் வைக்கலாம் என்று அந்த வழக்கத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் அவள் சாகிற அன்றைக்கு அவர் சிலுவை நின்றுகொண்டிருக்க வேண்டும். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. காபிக்குச் சர்க்கரை போடுவதிலிருந்து ஃபேனை எத்தனையில் வைப்பது வரை சண்டைதான். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அந்த ஆள் பக்கத்தில் போய்ப் படுத்தே தீர வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது.

"அவுக எடத்த மட்டும் விட்றக் கூடாதுத்தா," என்று என்னிடம் சொல்லுவாள். "நான் அங்கதான் போகணும்."

முதல் சிலுவை தேக்கு. மரவாடி முதலாளியே மூக்கைச் சிந்திக்கொண்டு தன் கையால் எடுத்துக் கொடுத்தார். தேக்குதான், ஆனால் வைரம் பாயாத வெள்ளைக்கட்டை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதை அடுப்புக்கு என்று ஒதுக்கியிருப்பார். செத்தவர் திரும்ப வந்து கட்டையைச் சோதிக்க மாட்டார் என்ற தைரியம் முதலாளிக்கு. அடுத்த மழைக்கே அது அடி அற்று மண்ணில் விழுந்தது. இரண்டாவது வேம்பு. கசப்பைக் கரையான் தொடாது என்றார்கள். தொட்டது. மூன்றாவது கருவேலம், அடியில் தார் பூசி நட்டோம். கரையான் தாரைத் தாண்டி மேலே ஏறி, இரண்டு கையையும் தின்றுவிட்டு நடுக்கட்டையை மட்டும் மிச்சம் வைத்தது. மாடு கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அம்மா கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

இதற்கு ஊரார் கண்டுபிடித்திருந்த வைத்தியம், சிலுவையைச் சுற்றிப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது. ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் ஆயில் கேன் என்று எல்லாரும் வருவார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் பூ வாசனை வராது, பட்டறை வாசனைதான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை எனக்கும் விடுமுறைதான். அந்த விடுமுறையில் அம்மாவை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கால் மாட்டில் கேனை வைத்துக்கொண்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தளும்பித் தளும்பி என் சேலையெல்லாம் கறையாக, வாராவாரம் போய் வந்தேன். மூன்று சிலுவையையும் தச்சுப் பட்டறையிலிருந்து அங்கே கொண்டு போய்ச் சேர்த்ததும் அதே ஸ்கூட்டியில்தான். சிலுவையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்து வர, எதிரே வந்த பஸ்காரன்கூட ஒதுங்கி வழி விட்டான்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி வந்து சேர்ந்தான். அவன் முதலில் காடை வளர்த்தான், காடைகள் செத்தன. கற்றாழை போட்டான், வாங்கிக்கொள்கிறேன் என்ற கம்பெனி போனை எடுக்கவில்லை. கடைசியாக, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செய்கிற பிளாஸ்டிக் மரத்துக்கு ஏஜென்சி எடுத்தான். பால் கவர், ஷாம்பு பாட்டில், ஓட்டைக் குடம், கால் உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் உருக்கிப் பலகையாகவும் சட்டமாகவும் அழுத்தி, மேலே மரத்தின் ரேகை மாதிரி கோடு இழுத்து, பழுப்பு நிறத்தில் அனுப்புவார்கள். மழையில் கிடந்தாலும் உளுக்காது, வெயிலில் கிடந்தாலும் வெடிக்காது, கரையான் கிட்டவே வராது. மரம் மாதிரியே அறுக்கலாம், துளை போட்டுத் திருகாணி முடுக்கலாம். "மரத்தை வெட்டாத மரம்" என்று வண்டியில் எழுதி ஒட்டிக்கொண்டான். காந்திகிராமத்துப் பக்கம் ஏதோ ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசி, சால்வை வாங்கி வந்து, அந்தச் சால்வையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தான்.

முதலில் பெஞ்சு விற்றான். ஒரு பூங்காவில் போட்டார்கள். காலையில் நடக்கப் போகிறவர்கள் உட்கார நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏறிய பிறகு உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். சித்திரை மாதத்தில் என் வீட்டுக்காரர் விவரம் தெரியாமல் அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அன்றைக்கு முழுக்க நின்றபடியே சாப்பிட்டார், நின்றபடியே டிவி பார்த்தார். அது வெயிலின் குற்றம், பெஞ்சின் குற்றமில்லை என்று தம்பி விளக்கினான். சித்தையன்கோட்டையில் ஒரு தென்னந்தோப்புக்கு வேலி போட்டுக் கொடுத்தான். அது மட்டும் அசையாமல் நின்றது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது சிலுவையும் போனபோது தம்பி தன் சாம்பிள் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவுக்கு இதிலேயே சிலுவை செய்துவிடலாம் என்றான். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அப்பாவை மாதிரியே மோந்தும் பார்த்தாள்.

"மரத்துல பொழச்ச மனுசன் தலமாட்டுல, யாரு வீட்டுக் குப்பையவோ நடச் சொல்றியாலே?"

குப்பை இல்லை, மறுசுழற்சி என்று அவன் நீளமாக ஆரம்பித்தான். மரங்களைக் காப்பாற்றுவது, பூமி சூடாவது, கடலில் ஆமைகள் சாவது என்று போனது பேச்சு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஆமைக்கு என்ன செய்ய முடியும் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவன் களைத்துப்போய், இது அவன் பேரன் காலம் வரை நிற்கும், விழவே விழாது என்றான். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். நெசமா விழுகாதா என்று கேட்டாள். விழுகாது என்றான். கரையான் என்றாள். பல்லு போயிரும் அதுக்கு என்றான். அதோடு பேச்சு முடிந்தது. ஆமைக்கு இளகாத மனசு அந்த ஒரு வார்த்தைக்கு இளகிவிட்டது.

சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனபோது தம்பி ஒரு காரியம் செய்தான். "சாமி, இது உயிர்த்தெழுந்த பிளாஸ்டிக்," என்று அறிமுகப்படுத்தினான். சாமியார் சிரிக்கவில்லை. வழக்கம் மரச்சிலுவை என்றல்லவா இருக்கிறது என்று பேரவையில் ஒருவர் இழுத்தார். சிமென்ட்டா இது, இல்லையே, அப்புறம் என்ன என்று இன்னொருவர் கேட்டார். எதற்காக மரம் என்று வைத்தார்கள் என்பதை அங்கே இருந்த ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டு நேரம். அனுமதி கிடைத்தது.

சட்டத்தைக் குழிக்குள் ஆழமாக இறக்கி, கையைத் துருப்பிடிக்காத போல்ட் போட்டு முடுக்கி, போர்டு எழுதுகிறவரை வரவழைத்து வெள்ளை எனாமலில் அப்பா பெயரை எழுதினோம். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. அம்மா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆயில் கேனைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள். எனக்குச் சனிக்கிழமை திரும்பக் கிடைத்தது. பிளாஸ்டிக்கைப் பற்றி நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அப்பா சிலுவையைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு கிரானைட் போட்டால் தெரு முழுக்க கிரானைட் போடுவார்கள். செத்தவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். அவர்கள் வீட்டு ஆளுக்கு விழாத சிலுவை, நம் வீட்டு ஆள் மட்டும் கரையானுக்கா என்று ஒவ்வொருவராக வந்தார்கள். தம்பிக்கு வாழ்க்கையில் முதல் முறையாக வியாபாரம் நடந்தது. ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே பழுப்பு. அதுவரை அங்கே இருந்தவை தச்சருக்கு ஒன்றாக, கோணலும் மாணலுமாக, தூரத்திலிருந்தே இது இன்னார் என்று அடையாளம் தெரிகிற சிலுவைகள். இப்போது வரிசையாக எல்லாம் ஒரே அச்சு. பள்ளிக்கூடப் பிரேயரில் சீருடை போட்டு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

முதல் கல்லறைத் திருநாளில் ஒரு சின்னக் கோளாறு நடந்தது. எங்கள் பக்கத்தில் மெழுகுவர்த்தியை உருக்கி, சிலுவையின் இரண்டு கையிலும் ஒட்டவைத்துக் கொளுத்துவது வழக்கம். மரத்தில் அது அணைகிற வரை எரிந்துவிட்டுப் போகும். பிளாஸ்டிக் அப்படியில்லை என்று தம்பி கோயில் மைக்கிலேயே சொல்லியும் சிலர் கேட்கவில்லை. அப்படிக் கேட்காதவர்கள் வீட்டுச் சிலுவைகள் கருகி, கை தொங்கிப்போய், பேச்சுவார்த்தையில் தோற்றவர் தோளைத் தொங்கப் போட்டதுபோல ஆகிவிட்டன. நாங்கள் சொன்ன சொல் கேட்கிற குடும்பம். மெழுகுவர்த்தியைத் தரையில்தான் வைத்தோம். அப்பா சிலுவை பழுதில்லாமல் நிமிர்ந்து நின்றது.

இனி விழாது என்று ஆன பிறகு யார் அடிக்கடி போய்ப் பார்க்கிறார்கள்? ஊற்ற ஆயில் இல்லை, நிமிர்த்தக் கட்டை இல்லை. நாங்களும் போகவில்லை, மற்றவர்களும் போகவில்லை. ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்து, மறு வருஷம் கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் செவ்வந்தி மாலையும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு போனால், ஒரு சிலுவையிலும் பெயர் இல்லை.

அந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காதாம். வெயிலுக்கு உரிந்து, மழைக்குக் கழுவிக்கொண்டு போயிருந்தது. நிறமும் வெளுத்து எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. கையில் பூவை வைத்துக்கொண்டு ஜனங்கள் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி வரிசை வரிசையாக அலைந்தார்கள். இதில் சிரமமில்லாமல் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தவர்கள், போன வருஷம் சொன்னதைக் கேட்காமல் மெழுகுவர்த்தி ஒட்டியவர்கள்தான். எங்க வீட்டுக்காரருக்கு எடது கை தொங்கியிருக்கும் என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டே போய் நேராக நின்றாள். சொன்ன சொல் கேட்டவர்கள் எல்லாம் நடுக்காட்டில் நின்றோம்.

வேப்ப மரத்திலிருந்து மூன்றாவது என்றாள் அம்மா. நான் நான்காவது என்றேன். வேப்ப மரமே இரண்டு இருந்தது. ஒரு சிலுவையை அப்பா என்று முடிவு செய்து மாலையைப் போட்டபோது, அம்மா வயசில் இன்னொரு விதவை தன் மகன்களோடு வந்து, அது தன் வீட்டுக்காரர் என்றார். அம்மா இல்லை என்றாள். இரண்டு பேரும் சிலுவைக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கல்லறைகளை மந்திரிக்க வந்த சாமியார் விவரம் புரிந்ததும், ஒவ்வொரு கல்லறையாக நிற்காமல் தீர்த்தத்தை எட்டிய வரைக்கும் நாலு திசையிலும் பொதுவாகத் தெளித்துவிட்டு நகர்ந்தார். அம்மா மெதுவாகக் கையை எடுத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பாவக் காணோம்த்தா," என்றாள்.

அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. எனக்குத் தம்பியை அங்கேயே புதைத்துவிடலாம் என்று வந்தது. ஆனால் அதற்கும் சிலுவை அவனிடம்தான் வாங்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவனே கத்தியோடு வந்தான். அப்பாவுக்குப் போட்டது முதல் சாம்பிள், அது காபி நிறம், மற்றதெல்லாம் பிறகு வந்த தேக்கு நிறம், வெளியேதான் வெளுத்திருக்கும், சுரண்டினால் உள்ளே நிறம் தெரியும் என்றான். சிலுவை சிலுவையாகப் பின்பக்கம் சுரண்டிக்கொண்டு போனான். செம்பழுப்பு, செம்பழுப்பு, செம்பழுப்பு. நாங்கள் சண்டை போட்ட சிலுவையும் செம்பழுப்புதான். கடைசியில் இரண்டு வரிசை தள்ளி ஒன்று காபிக் கருப்பாக வந்தது, நடுவில் பால் கவரின் நீலத் துணுக்கு ஒன்றோடு. அம்மா அந்தத் துணுக்கின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். குப்பை என்று அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. முந்தின நாள் நாங்கள் போட்ட மாலையும் அந்த விதவை போட்ட மாலையும் யாரோ ஒருத்தர் மேல் கிடந்தன. அவர் உயிரோடிருந்தபோது அத்தனை செவ்வந்தியை யாரும் அவருக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு பேரவை கூடியது. பெயரை என்ன செய்வது என்று பேசத்தான் கூடினார்கள். தம்பி எழுந்து, பெயின்ட் வேண்டாம், மெஷினால் எழுத்தைச் செதுக்கிவிடலாம் என்றதும் அந்த விஷயம் முடிந்தது. அப்போதுதான் பேரவைச் செயலாளர், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, இதைவிடப் பெரிய பிரச்சனை ஒன்று இருக்கிறது என்றார். பிளாஸ்டிக் வந்த பிறகு ஒரு சிலுவையும் விழவில்லை. ஆகவே ஒரு இடமும் காலியாகவில்லை. கடைசியாகச் செத்தவரை நடைபாதையில் வைத்திருக்கிறோம். அடுத்து சாகிறவரை ரோட்டில்தான் வைக்க வேண்டும்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து யார் என்று பார்த்தது போலத்தான் எனக்குப் பட்டது. மறுபடியும் மரத்துக்கே போவோம் என்றார் ஒருவர். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாம் சத்தம் போட்டார்கள். பக்கத்துக் காட்டை விலைக்குக் கேட்போம் என்றார் ஒருவர். பக்கத்துக் காட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், கேட்காத மாதிரி மேலே ஃபேனைப் பார்த்தார். பிளாஸ்டிக் தின்கிற புழு ஏதோ கண்டுபிடித்திருக்கிறார்களாமே என்றார் வாட்ஸ்அப்பில் எல்லாம் படிக்கிற ஒருவர். கரையானை ஒழிக்கப் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக்கை ஒழிக்கப் புழுவைக் கொண்டுவருவது பற்றி அவர்கள் கொஞ்ச நேரம் உண்மையாகவே பேசினார்கள். விழாது என்பதுதான் தம்பியின் சரக்கு, இப்போது விழவில்லை என்பதுதான் புகார்.

கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் சிலுவை நட்ட நாளிலிருந்து ஐந்து வருஷம் நிற்கலாம். அதற்குப் பிறகு பேரவையே அதைப் பிடுங்கி, இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும். பிடுங்குவதற்கு ஒரு துணைக்குழு. கரையான் சம்பளமில்லாமல், ஆள் பார்க்காமல் பார்த்த வேலையை இனிமேல் துணைக்குழு பார்க்கும். விழவே விழாத ஒரு பொருளை வாங்கி, அதற்கு விழுகிற தேதியையும் தாங்களே குறித்துக்கொண்ட திருப்தியில் எல்லாரும் கை தூக்கினார்கள். முதலில் நட்டது அப்பா சிலுவை. முதலில் பிடுங்குவதும் அதுதான்.

அம்மா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை. எழுந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"சாமி, அப்ப நான் எந்த வருசத்துக்குள்ள சாகணும்?" என்று கேட்டாள். "சொல்லிட்டீகன்னா அதுக்குத் தக்கன பாத்துக்கிருவேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் கடைசித் தேதி கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத்தான் கேட்டாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது முன்வரிசையிலிருந்து, அன்றைக்கு எங்களோடு சண்டை போட்ட அந்த விதவை எழுந்து, எனக்கும் சேத்துச் சொல்லிருங்க சாமி என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். வயசான ஒரு ஆளும் எழுந்தார். எல்லாரும் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். சாமியார் அவர்களை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அந்த அறையில் எத்தனையோ பேர் எத்தனையோ நாளாகப் பேசியிருக்கிறார்கள். விஷயத்தைப் பேச ஒரு ஆள் எழுந்தது அன்றைக்குத்தான். அது என் அம்மா.

தீர்மானத்தைத் திருத்தினார்கள். பெண்டாட்டியோ புருஷனோ உயிரோடிருந்தால் அந்தச் சிலுவையைத் தொடக்கூடாது. அவர்களும் வந்து சேர்ந்த பிறகுதான் ஐந்து வருஷக் கணக்கு ஆரம்பம். ஆனால் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு அத்தாட்சி வேண்டுமே. உயிரோடிருப்பவர் தன் பெயரையும் அதே சிலுவையில் இப்போதே செதுக்கி வைக்க வேண்டும் என்று செயலாளர் ஒரு நிபந்தனை சேர்த்தார். தம்பி அந்த நிமிஷமே எத்தனை பெயர் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்ததை அவன் முகத்தில் பார்த்தேன்.

இப்போது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பெயர்கள் உயிரோடிருப்பவர்களுடையவை. சிலுவையில் பார்த்த பெயரைக் கொஞ்ச நேரத்தில் காய்கறி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறபோது பார்க்கலாம். வெளியூரிலிருந்து ஒரு துக்கத்துக்கு வந்த எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அம்மா பெயரைச் சிலுவையில் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் விட்டீர்களே என்று போனில் அழுதாள். நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவளைத் தேற்றினாள். அந்தப் பெண் தேறியதாகத் தெரியவில்லை.

அம்மா பெயரைச் செதுக்கக் கழற்றிக் கொண்டுபோன குறுக்குச் சட்டத்தைத் திரும்ப மாட்டிய அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மேலே அப்பா பெயர், கீழே அம்மா பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் வெறும் இடம். அம்மா எழுத்து எழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தாள். பிழையில்லை என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நானோ அந்த வெறும் இடத்தைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கீழ இம்புட்டு எடம் கெடக்கே," என்றாள் தம்பியிடம். "அக்கா பேரையும் போட்டுரு."

அவன் சங்கடப்பட்டான். கட்டிக்கொடுத்த பெண் இந்தப் பங்கில் கணக்கில்லை என்றான். அக்கா, மச்சான் ஊர்க் கல்லறைக்குத்தான் போக முடியும், குஜிலியம்பாறைப் பக்கம், அங்கே மச்சான் வீட்டாருக்கு இடம் இருக்கிறது என்றான். அவன் சொன்னது சரிதான். நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, அவ்வளவுதான். மச்சான் வீட்டார் எல்லாரையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அந்தச் செலுவையெல்லாம் சொமந்துட்டு அலைஞ்சது பூராம் அவதானலே," என்றாள் அம்மா. தம்பி போல்ட்டை இன்னொரு முறை முடுக்கினான்.

அம்மா அந்தக் கீழ் இடத்தை விரலால் தடவினாள். பிறகு சிலுவையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இது விழுகாதுத்தா," என்றாள். "விழுகாதுன்னு நீ வராம இருந்துறாத."

வாரேன்மா என்றேன்.